வாற வழி

கல்முனை, இரண்டாம் மாடி. கீழே துணிக்கடை.
மேலே காப்புறுதிக் கிளை, நாங்கள் பதினொரு பேர்.
கணினி என்று எங்களிடம் இருப்பது
ஒரு திரை, ஒரு விசைப்பலகை,
சவர்க்காரப் பெட்டியளவு ஒரு கருவி.
மிச்சமெல்லாம் கொழும்பில் ஓடுகிறது.
இங்கே வருவது அதன் படம்.

அந்தப் படம் நின்றுவிடும்.

சுழலும் வட்டம் இல்லை, பிழைச் செய்தி இல்லை.
பாதி எழுதிய பெயர் பாதியில்.
"சிப்னாஸ், நிண்டுட்டுது" என்பார் ஜெஸீமா,
திரையின் கீழ்மூலைக் கடிகாரத்தைக் காட்டி.
அங்கே 10:42.
சுவரில் பதினொன்றுக்குப் பத்து.
துண்டித்து மறுபடி இணைத்தால்
வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.
ஒன்றுமே நடக்காத மாதிரி
10:51 என்று சொல்லும் கடிகாரம்.

துண்டி, இணை. துண்டி, இணை.
மருந்து தெரியும்; நோய் தெரியாது.

ஒரு கொப்பி வாங்கி நேரங்களை எழுதினேன்.
உப்புக்காற்று தின்ற கம்பி முனைகளை வெட்டி
புதிசு போட்டேன்.
சோறு சூடாக்கும் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோனேன்,
இரண்டு நாள் எல்லாரும் ஆறின சோறு தின்று
என்னைப் பார்த்தார்கள்.
கொழும்புக்கு எழுதினேன்.
எங்கள் பக்கம் பிழை இல்லை என்று வந்தது.
எங்கள் பக்கமும் இல்லை என்று அனுப்பினேன்.
"அப்ப பிழை மகியங்கனைக் காட்டுக்குள்ள
யானை பாத்துக்கொண்டு நிக்குது"
என்றாள் துஷ்யந்தி.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஞானமுத்து வந்திருந்தார்,
நாவிதன்வெளிக்காரர். மூன்று ஏக்கர்,
குடலைப் பருவத்தில் வெள்ளம்.
ஜெஸீமா 'அனுமதி'யை அழுத்தினார். அசையவில்லை.
இன்னொரு தரம்.
பிறகு, நோன்பு நாளில் சொல்லக்கூடாத ஒன்றை
வாய்க்குள் சொல்லி, நாலு தரம்.
துண்டித்தேன், இணைத்தேன்.

ஒரே வயல். ஒரே பெயர்.
ஆறு அனுமதி.

முதல்முறையாகக் கொழும்பு தானாகவே அழைத்தது.
தொலைபேசியை நான் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருக்க
ஞானமுத்து எட்டித் திரையைப் பார்த்தார்.
"வெள்ளம் ஒருக்காத்தானே பிள்ள வந்தது."

அவர்கள் சத்தம் போட்டு முடிக்கும்வரை
அந்த ஆறு வரிகளின் நேரத்தை வாசித்தேன்.
11:06:14. 11:06:19. அப்படியே ஆறும்.
ஆறும் படம் நின்றிருந்த நேரம்.

செத்துவிட்டது என்று நாங்கள் கைவிட்ட நிமிடத்தில்
தட்டியதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.
போற வழி திறந்துதான் கிடந்தது.
அடைத்தது வாற வழி.

அதன்பிறகு தேட ஒரு பின்னேரம் போதும்.
டிசிபி என்பது பதிவுத் தபால்,
கையொப்பம் வாங்காமல் வாசலை விட்டுப் போகாது.
யூடிபி, காலையில் பேப்பர் எறிகிற பொடியன்:
மதிலுக்கு மேலால் எறிவான், மிதிப்பான், போவான்.
நாங்கள் தட்டுவது தபாலில் போனது.
படம் பொடியனிடம் வந்தது.
எங்கள் ரவுட்டர் கொஞ்ச நேரம் சத்தமில்லாவிட்டால்
அந்த வாசலை மறந்துவிடும் சாதி.
அவனுக்கு அது தெரியாது. மூடின கதவில்
எறிந்துகொண்டே இருந்திருக்கிறான்.

பொடியனை நிறுத்தினேன்.
ஒரு வரியில் ஒரு பூச்சியத்தை அழித்து ஒன்று.
பதினொரு கருவிக்கும்.

புதன் நிற்கவில்லை. வியாழன் நிற்கவில்லை.
கொப்பியில் திகதி மட்டும் எழுதி விட்டேன்.
துஷ்யந்தி ஒரு தட்டு மஸ்கட் கொண்டுவந்து வைத்தாள்.

கூடுதலான ஐந்தையும் ரத்துச் செய்ய
ஐந்து கடிதம் கேட்டார்கள். கொடுத்தோம்.
விசாரணை முடியும்வரை
ஆறாவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஞானமுத்து ஒவ்வொரு செவ்வாயும் வருகிறார்,
பேருந்துச் சிட்டையைச் சட்டைப்பையில் மடித்து வைத்தபடி.
ஜெஸீமா கோப்பைத் திறப்பார்.
பரிசீலனையில்.
போன கிழமையும் அதுதான், அதற்கு முந்தியும்.

"நிண்டுட்டுதா பிள்ள?"

"இல்ல ஐயா, ஓடுது" என்று
திரையைத் திருப்பி அவருக்குக் காட்டுகிறார்
மூலையில் இருக்கிற கடிகாரத்தை.
10:42.
பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
10:43.